கொழுந்தும் வெள்ளெழுத்தும்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் கண்ணுக்கு நாள் முழுவதும் கையெட்டும் தூரத்தில்தான் வேலை. முற்றிய இலைகளுக்கு நடுவே, இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும் கொண்ட நுனியைச் சட்டென்று கண்டு கிள்ள வேண்டும். நாற்பது வயதைத் தாண்டினால் முதலில் மங்குவது அந்தத் தூரம்தான்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும். லென்ஸ் உப்பி, ஒளியைக் கூடுதலாக வளைத்து விழித்திரையில் குவிக்கும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. தசை சுருங்கினாலும் அது உப்புவதில்லை. இதுதான் வெள்ளெழுத்து. யாருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

மெல்ல மெல்ல வருவதால், பார்வை குறைகிறது என்றே பலருக்குத் தோன்றாது. வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். படிக்காதவருக்குக் கண்ணாடி எதற்கு என்ற எண்ணமும் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் யாரையாவது கூப்பிட வேண்டிய நிலை படிக்காதவருக்கும் வரும்.

இந்த இழப்பின் அளவை அசாமில் நடந்த ஓர் ஆய்வில் கண்டார்கள். 40 வயதும் அதற்கு மேலுமான 751 தேயிலைத் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அருகில் பார்க்க உதவும் கண்ணாடி இலவசமாகத் தந்தார்கள். ஆய்வு முடிந்தபின் மற்றவர்களுக்கும் கிடைத்தது. பருவத்தில் இலை தழைத்ததால் இரு குழுவினரும் முன்பைவிட அதிகம் பறித்தார்கள். ஆனால் கண்ணாடி அணிந்தவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 50 வயதைக் கடந்தவர்களிடம் இது 30 சதவீதத்துக்கும் மேல். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது: ஓய்ந்துவிட்டன என்று நினைத்த கைகளில் அவ்வளவு வேகம் மிச்சமிருந்தது. ஒரு கண்ணாடிக்கு ஆன செலவு சுமார் 10 டாலர். 2018-இல் வெளியான இந்த முடிவுகள், மருந்தோ அறுவைச் சிகிச்சையோ இல்லாமல் கிடைத்தவை.

வங்கதேசக் கிராமங்களில் நடந்த ஆய்வு வருமானத்தையே அளந்தது. கண்ணாடி பெற்றவர்களின் இடைநிலை மாத வருமானம் எட்டு மாதத்தில் சுமார் 35 டாலரிலிருந்து 47 டாலராக ஏறியது.

உலகில் 80 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தக் கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது, முன்கூட்டியே செய்து வைத்த சில பவர்களில் ஒன்றுதான். அதனால்தான் வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, பார்வை அட்டையைக் காட்டிச் சோதித்து, அங்கேயே கண்ணாடியைக் கொடுக்க முடிகிறது. அதிலும் தெளியாத கண்ணை மட்டும் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.