கடற்கரை வீட்டிற் பித்தளைச் சிலைகள்



பள்ளிவாசல்துறை, கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் அமைய நடுவே கிடக்கும் ஊர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே சாளரக் கம்பியைத் தடவிய விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். இந்தக் காற்றும் வெயிலுமே புத்தளத்து உப்பளங்களுக்கு வாழ்வு. வீட்டிலுள்ள பித்தளைக்கோ அவை பகை. கண்டிக்கு அண்மையிலுள்ள பிலிமத்தலாவையில் வாங்கிவந்து சுவரில் மாட்டிய பித்தளை முகமும், மேசைமேல் வைத்த யானையும் நடராசர் சிலையும் இங்கே சில மாதங்களிற் கறுத்து, மடிப்புகளிற் பச்சை பூத்துவிடுகின்றன.

உடனே புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறோம். முன்னோர் வழி அதுதானே என்று கேட்பீர்கள். செம்பும் தட்டமும் படிக்கமும் அன்றாடம் புழங்குபவை, வழவழப்பானவை. அவற்றைப் புளியிட்டு விளக்குவது தகும். சிலையின் இயல்பு வேறு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கின்றது. ஊறவிட்டால் அத்துடன் நில்லாது, துத்தநாகத்தையும் அரித்தெடுக்கின்றது. அடிக்கடி புளியிட்ட சிலையில் மஞ்சள் மங்கிச் செம்மை படர்வது இதனாலேயே. சாம்பலும் மணலும் செய்யும் கேடு இதனினும் பெரிது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மயிரிழையளவு உலோகம் போகின்றது. மூக்கும் இமையும் புருவமும் மேடாக நிற்பவை. ஆதலால் முதலில் அழிவது முகமே. வார்த்தவன் சிற்றுளியாற் கீறிய கண், இரண்டு தலைமுறைத் தேய்ப்பில் மழுங்கிவிடுகின்றது. முதுசமாக வந்த திருமேனியின் கண்ணை இழந்தபின், எந்தக் கன்னானும் அதனைப் பழையபடி ஆக்கித் தர இயலாது.

கடற்கரையில் வேண்டுவது தேய்த்தலன்று, உப்பை நீக்குதல். வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மாதம் ஒருமுறை நன்னீரிற் கழுவுங்கள். எங்கள் பக்கத்திற் சில கிணறுகள் உவர். அந்நீரிற் கழுவினால் நீக்க வந்த உப்பையே மீண்டும் பூசியவராவோம். பிடித்துவைத்த மழைநீர் மிக நன்று. கழுவியபின் பருத்தித் துணியால் ஒற்றி, மடிப்பிலும் அடிப்பீடத்தின் உட்புறத்திலும் ஈரமில்லாதபடி நன்றாக உலர்த்த வேண்டும். பின்னர் நிறமற்ற மெழுகைத் துணியில் எடுத்து மிக மெல்லியதாகத் தடவிவிட்டால் உப்புக் காற்று உலோகத்தை நேரே தீண்டாது.

தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தூசியைப் பிடித்துவைப்பதோடு, அதிலுள்ள கொழுப்பமிலம் செம்புடன் சேர்ந்து பச்சைப் பிசினாகின்றது. குத்துவிளக்கின் எண்ணெய்க் குழியிற் காண்பது அதுவே. கடையிலிருந்து வரும் சிலைகள் சிலவற்றில் நிறமற்ற அரக்குப் பூச்சு இருக்கும். அவற்றுக்கு ஈரத்துணியாற் துடைத்தலே போதும். புளி பட்டால் பூச்சுக் கெட்டு, திட்டுத் திட்டாகக் கறுக்கும். அம்பலாங்கொடை முகமூடிகள் மரத்தாலானவை. அவற்றுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

பழைய வெண்கலத்தில் வெளிர்பச்சை மாவுபோல உதிரும் பொடி தோன்றினால், அது வெறும் களிம்பன்று. உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தினுள் இறங்கி, ஈரம் கிடைக்குந்தோறும் குழி பறிக்கும் நோய் அது. மேலே தேய்த்தால் அடங்காது. சிலையை உலர்ந்த இடத்திற் தனியே வைத்து, நூதனசாலைப் பணி அறிந்தவரிடங் காட்ட வேண்டும்.

மண்ணிலிருந்து கிடைப்பவற்றுக்கு இன்னும் மிகுந்த கவனம் வேண்டும். 1624 இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்திற் புதைக்கப்பட்டனவெனக் கருதப்படும் திருமேனிகள், 1950 இற் திருகோணமலையிற் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. அத்தகைய ஒன்று உங்கள் மண்வெட்டியில் அகப்பட்டால் கழுவவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். அதன்மேல் ஒட்டிய மண்ணும் ஆராய்வோருக்குச் சான்றாகும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. அவர்கள் வரும்வரை, கிடைத்தபடியே துணியிற் சுற்றி நிழலில் வைத்திருங்கள்.