எந்தக் கீரி?

பெங்களூரில் லால்பாக் தோட்டத்திலோ, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வளாகத்திலோ விடியற்காலையில் உலாவுவோரின் கண்ணில் சில நாட்களில் ஒரு காட்சி படும். புதரிலிருந்து நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட ஒரு பிராணி வெளிப்படும். தரையோடு தரையாக ஓடி வேலிக்குள் மறைந்துவிடும். நாம் அதனைக் கீரி என்கிறோம். கன்னட நாட்டார் முங்குசி என்பர். பெயர் சொல்லியாயிற்று, ஆனால், எந்தக் கீரி என்று நாம் கேட்பதில்லை. தென்னிந்தியாவில் மட்டும் நான்கு இனக் கீரிகள் வாழ்கின்றன.

இவற்றைப் பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. நகரத்தில் நாம் காணும் சாம்பல் கீரியின் ஒவ்வொரு மயிரிலும் கருமையும் வெண்மையும் மாறி மாறி வளையமிட்டிருக்கும். ஆகையால் அதன் உடல் எள்ளும் அரிசியும் கலந்து தூவினாற்போலத் தோன்றும். ஆனால் மாலை வெயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்தால் அதுவே செந்நிறமாகத் தெரியும்.

எனவே முதலில் வாலின் நுனியைப் பார்க்க வேண்டும். சாம்பல் கீரியின் வால்நுனி வெளிர்நிறமாக இருக்கும். செங்கீரியின் வால்நுனியோ மையில் தோய்த்தெடுத்தாற்போலக் கறுத்திருக்கும். நடக்கும்போது அந்நுனியை அது மேல்நோக்கி வளைத்துக்கொள்வதும் உண்டு. இருப்பிடமும் துணை செய்யும். சாம்பல் கீரி வயல், வேலி, வீட்டுப் புறக்கடை ஆகியவற்றை அண்டி வாழ வல்லது; செங்கீரி வறண்ட காடுகளையும் புதர் மண்டிய பாறைக் குன்றுகளையும் நாடுவது.

வால்நுனி கறுத்திருந்தால் மட்டும் செங்கீரி என்று முடிவு கட்டலாமா? அதுவும் ஆகாது. குடகு, நாகரஹொளெ முதலிய மலைக்காட்டுப் பகுதிகளில் பட்டைக்கழுத்துக் கீரி உண்டு. அதன் வால்நுனியும் கறுப்பே. ஆயின், காதின் பின்புறத்திலிருந்து தோள்வரை கழுத்தின் இருபக்கமும் ஓடும் கறுப்புப் பட்டை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசியக் கீரிகளுள் மிகப் பெரியதும் இதுவே. நான்காவதாகிய பழுப்புக் கீரி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒதுங்கி வாழ்வது. அதற்குக் கழுத்துப் பட்டையும் இல்லை, கறுத்த வால்நுனியும் இல்லை. உடல் முழுவதும் அடர்ந்த பழுப்பு நிறமே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கீரியின் மயிருக்காக, ஓவியத் தூரிகை செய்வோர் பொருட்டு, அது கள்ளத்தனமாகக் கொல்லப்பட்டு வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இத்தூரிகை வாணிகம் குற்றமாகும். தூரிகையாகிவிட்ட பின்போ, வாலும் இல்லை, கழுத்தும் இல்லை. எந்த இனம் மடிந்தது என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எந்த இனத்தின் பெயர் வந்தாலும் "கீரி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றிருக்கிறோம். நான்குக்கும் ஒரே பெயர் வழங்கினால், காட்டில் ஓரினம் அருகிப் போனாலும், "கீரிக்கு என்ன குறை? நம் கொல்லையிலேயே ஓடுகிறதே" என்று வாளாவிருப்போம். கொல்லையில் ஓடுவது சாம்பல் கீரி. அருகியது வேறொன்றாக இருக்கலாம்.

ஆகவே, அடுத்த முறை ஒரு கீரி குறுக்கே ஓடினால், நல்ல சகுனம் என்று மகிழ்வதோடு நில்லாமல், அதன் வால்நுனியையும் ஒரு கணம் கவனிப்போமாக.