கூடவே வளரும் எதிரிகள்

அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்ளிவியன்’ வீடியோ கேமில், சாலையில் மறித்து 100 பொற்காசு கேட்கும் வழிப்பறிக்காரர்கள் உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் இவர்கள் சாதாரணக் கவசத்தோடு திரிவார்கள். நம் கதாபாத்திரம் இருபது லெவலைத் தாண்டிய பிறகு பார்த்தால், அரிதான கண்ணாடிக் கவசம் பூட்டி நிற்பார்கள். கேட்பது அப்போதும் 100 காசுதான்! கவசத்தை விற்றாலே அதைப்போலப் பல மடங்கு தேறும் ஆளுக்கு வழிப்பறி எதற்கு? ஆடுபவரின் லெவலுக்கு ஏற்ப எதிரியையும் உயர்த்திவிடும் ‘லெவல் ஸ்கேலிங்’ என்ற ஏற்பாட்டின் விளைவு இது. ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம்களின் அடிப்படை இன்பத்தையே இது அரித்துவிடுகிறது. கதை, வசனம், தேர்வுகள் என்று எத்தனை இருந்தாலும், நேற்று நம்மை விரட்டியவனை இன்று வீழ்த்த முடிகிறது என்ற உணர்வுதான் பலரை மணிக்கணக்கில் உட்காரவைக்கிறது. அவனும் கூடவே வளர்ந்துவிட்டால் நம் வளர்ச்சியை எதை வைத்து அளப்பது?

ஒப்ளிவியனில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. நாம் முதன்மையாகத் தேர்ந்தெடுத்த ஏழு திறன்களில் எது ஏறினாலும் லெவல் ஏறும். அது வாள்வீச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேரம் பேசியே லெவல் ஏறியவர் குகைக்குள் நுழைந்தால், அங்கே பலம் கூடிய பூதங்கள் காத்திருக்கும். அவற்றோடு பேரம் பேச வழியில்லை. படுத்துத் தூங்கினால்தான் லெவல் ஏறும் என்பதால், தூங்காமலே ஆட்டத்தை நகர்த்தியவர்களும் உண்டு. வளர்வதற்கென்றே உருவான கேமில் வளராமல் இருப்பது புத்திசாலித்தனம் ஆகிவிட்டதென்றால், பிழை ஆடியவர்களிடம் இல்லை.

ஸ்கேலிங் இல்லாவிட்டால் திறந்த உலகில் நினைத்த திசையில் போக முடியாது என்பார்கள். ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) இதற்குப் பதில் சொல்கிறது. தொடக்க ஊரிலிருந்து வேகாஸ் நகரம் வடக்கே இருக்கிறது. நேர்வழியில் டெத்க்ளா என்ற கொடிய மிருகங்கள். வழியை யாரும் அடைக்கவில்லை. துணிந்தவர் பதுங்கிப் போகலாம். மற்றவர்கள் தெற்கே இறங்கிச் சுற்றி வருவார்கள். ஆபத்து இடத்துக்கு இடம் மாறுவதால்தான் எந்தத் திசை என்ற தேர்வுக்கே அர்த்தம் வருகிறது. பலம் கூடியபின் பழைய எதிரிகள் சலித்துவிடுவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். சலிக்கட்டுமே, அந்தச் சலிப்பு நாம் உழைத்துச் சம்பாதித்தது. மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் தள்ள முடியாது. எதிரியின் பலம் நிலையாக இருந்தால், அதை எட்டும்வரை ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ முதல் இந்த அலுப்பு ஜப்பானிய ஆர்.பி.ஜி.களைத் தொடர்ந்தது.

பெதெஸ்டாவே 2011இல் ‘ஸ்கைரிம்’ கேமில் நடுவழி ஒன்றைப் பிடித்தது. ஸ்கேலிங்கைக் கைவிடவில்லை, டிராகன்கள் நம்மோடு சேர்ந்தே வலுக்கின்றன. ஆனால் பல குகைகளுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை வைத்தார்கள். முதல்முறை நுழையும்போது அந்தக் குகையின் லெவல் முடிவாகிவிடும். அடிதாங்காமல் வெளியே ஓடிவந்தவர், பத்து லெவல் ஏறித் திரும்பினாலும் உள்ளே அதே பழைய லெவல்தான்.