முடி உதிர்வு: மூன்று மாதம் முன்னே பாருங்கள்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பகுதிகளில் முடி கொட்டுகிறது என்று எவரேனும் சொன்னால், உடனே கிடைக்கும் விடை ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் என்பதே. இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம் பக்கம் அதே கேள்விக்குக் குளிரும் மூடுபனியும் காரணமாகக் கூறப்படும். சமவெளியிலிருந்து மலைக்கு மணமாகிச் சென்ற பெண்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வதுண்டு. கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கையில் கடன், வட்டி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு இதுதான் என்றால் மிகையாகாது.

தண்ணீரின் மீதுள்ள குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. சித்தூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் ஃபுளோரைடும் மிகுதி. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். கடினநீரில் சோப்பு நுரைக்காது; முடி முரடாகிச் சிக்குப் பிடிக்கும்; சீவும்போது நடுவில் முறியும். ஆனால் முறிவது வேறு, உதிர்வது வேறு. சீப்பில் தங்கிய முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இல்லையேல் பெரும்பாலும் முறிந்தது. முறிந்த முடிக்கு மருந்து தேவையில்லை. மழைநீரிலோ குழாய்நீரிலோ கடைசியாக ஒருமுறை அலசுவதும், ஈரமுடியைச் சீவாதிருப்பதும் போதும். வேரோடு உதிர்வதற்குத்தான் காரணம் தேட வேண்டும். அந்தக் காரணம் அன்றைய நாட்காட்டியில் இராது.

தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் வளரும். பின்னர் வளர்ச்சி நின்று, ஏறக்குறைய மூன்று மாதம் வேரில் ஓய்ந்திருந்து உதிரும்; அதே குழியிலிருந்து புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெரிய அறுவை, திடீர் எடைக்குறைப்பு, தாங்கொணாத் துயரம் போன்ற அதிர்ச்சி உடலுக்கு நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளுள் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை கொத்துக் கொத்தாக உதிரும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், பற்று இன்று விழுகிறது. காசோலை எழுதியது மூன்று மாதம் முன்பு.

2006, 2007 ஆண்டுகளில் கேரளத்தைப் பிடித்தாட்டிய சிக்குன்குனியாவுக்குப் பின்னும், கோவிட் அலைகளுக்குப் பின்னும் பலர் கண்டது இதைத்தான். காய்ச்சல் மறந்துபோயிருக்கும், முடி அப்போதுதான் கொட்டத் தொடங்கும். பழி தண்ணீருக்கோ புதிய ஷாம்புவுக்கோ போகும். இவ்வகை உதிர்வு பெரும்பாலோர்க்கு ஆறு மாதத்தில் தானே நின்று, முடி திரும்ப வளரும். அந்த ஆறாம் மாதத்தில் எந்த எண்ணெய் கையில் இருந்ததோ, புகழ் முழுவதும் அதற்குச் சேரும். நம் நாட்டில் பல கூந்தல் தைலங்கள் பெயர் பெற்றதில் இதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

தண்ணீரை ஐயுற்றுக்கொண்டிருக்கையில் காரணம் தட்டில் இருந்ததற்கு அண்மைச் சான்று மகாராஷ்டிரத்தில் கிடைத்தது. 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் புல்டானா மாவட்டம் ஷேகாவ் வட்டாரச் சிற்றூர்களில் ஆண், பெண், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோருக்குச் சில நாட்களிலேயே முடி கழன்று தலை வழுக்கையானது. முதலில் கிணற்று நீரின் மேல் ஐயம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு வந்து மாதிரிகளைத் திரட்டியது. தேள்கடிச் சிகிச்சை ஆய்வுக்காகப் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தனியே ஆராய்ந்து, நியாயவிலைக் கடைக் கோதுமையில் செலினியம் என்னும் தாது அளவுக்கு மீறி இருந்ததே காரணம் என்று அறிவித்தார். செலினியம் சிறிதளவு உடலுக்குத் தேவையானது. மிஞ்சினால் முடியையும் நகத்தையும் உதிர்க்கும். 'முடிச்சத்து' மாத்திரைகள் பலவற்றில் செலினியம் சேர்க்கப்படுகிறது என்பதை, இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து விழுங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் பகுதிப் பெண்களிடம் இதற்கு நேர்மாறான குறையே மிகுதி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் இரத்தச்சோகை உள்ளோர் தமிழகத்தில் 53.4 விழுக்காடு, கேரளத்தில் 36.3 விழுக்காடு. மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு, அடுத்தடுத்த மகப்பேறு, கீரையும் பயறும் அருகிய உணவு ஆகியவற்றால் இரும்புச்சத்து குறைந்தால், உடல் முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களுள் தலைமுடியும் ஒன்று. தேயிலைத் தோட்டப் பகுதிகளில் உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது காசில்லாத மருத்துவம். ஹீமோகுளோபின், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளுக்கு ஆகும் செலவு, விளம்பரத் தைலம் சில புட்டிகளின் விலைக்கு மேற்போகாது. ஆனால் இரும்பு மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கலாகாது. அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் காணப்படும் அரிவாள் செல் சோகைக்கு இரும்பு மருந்தன்று. பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனை முடிவையும் பிறழச் செய்யக்கூடும்.

வட்டமாக, வழுவழுப்பாக முடி போவது புழுவெட்டு. புழுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடிவேரையே பகையாகக் கருதுவதால் வருவது. சிறிய வட்டங்கள் பல ஓராண்டுக்குள் தானே மூடிக்கொள்ளும். பரவினால் தோல் மருத்துவர் ஊசி போடுவார். கடுமையாகப் பரவியோர்க்கென 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு இசைவளித்தது. அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உண்ணத்தக்கது. குழந்தைகள் தலையில் செதிலும் அரிப்புமாக முடி போனால் அது படர்தாமரையாக இருக்கலாம். மேற்பூச்சு மட்டும் போதாது, உள்மருந்து வேண்டும். இழுத்துக் கட்டிய கொண்டையால் நெற்றியோரம் முடி தேய்ந்தால், தளர்த்திக் கட்டுவதே மருந்து.

ஆண்வழுக்கை மட்டும் வேறு கதை. தந்தை வழியிலோ தாய் வழியிலோ வரும் மரபும் ஆண் இயக்குநீரும் சேர்ந்து முடிவேரை ஆண்டுக்காண்டு சிறிதாக்கும். பெண்களுக்கும் உச்சி வகிடு அகல்வதாக இது வரும். இது தானே திரும்பாது; காலம் கடத்தினால் இழப்பு கூடும். சான்றுள்ள மருந்துகள் சிலவே. இரத்த அழுத்தத்துக்கென வந்த மினாக்சிடில், உடலில் முடி வளரச் செய்ததைக் கண்டு தலைக்குப் பூசும் மருந்தாக்கப்பட்டு, அமெரிக்காவில் 1988-இல் இசைவு பெற்றது. ஃபினாஸ்டெரைட் மாத்திரை 1997-இல் ஆண்களுக்கென வந்தது. மினாக்சிடிலைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். அஞ்சி நிறுத்துபவர் பலர். பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும். ஃபினாஸ்டெரைட் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவை உண்டாக்கலாம். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது.

தேங்காயெண்ணெயை யாரும் கைவிட வேண்டியதில்லை. அது முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. தண்டுக்குக் காப்பு, வேருக்கு உரம் அன்று. செம்பருத்தித் தாளியும் நீலிபிருங்காதியும் கூந்தலுக்கு இதமளிக்கும். வழுக்கையில் முடி முளைப்பிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பொடுகு மிகுந்தவர்கள் எண்ணெயைத் தலையில் நெடுநேரம் ஊறவிடாதிருத்தல் நன்று.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம் என்பதைப் பலர் அறியார். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கை இடம்பெற்றுள்ளது. பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூரில் மாவட்ட நுகர்வோர் மன்றம், முடி வளரும் என்று நம்பிக் களிம்பு வாங்கி ஏமாந்த ஒருவரின் வழக்கில் 2020-இன் முடிவில் தீர்ப்பளித்தது. தயாரிப்பு நிறுவனமும், விளம்பரத்தில் தோன்றிய திரைப்பட நடிகரும் தலைக்கு 10,000 ரூபாய் செலுத்தும்படி ஆணையிட்டது. அக்களிம்பைத் தாம் பயன்படுத்தியதில்லை என்பதை அந்நடிகரே ஒப்புக்கொண்டார்.

முடிநடவுக்காகக் கோவைக்கும் கொச்சிக்கும் செல்ல எண்ணும் இளைஞர்கள், தனிநபர் கடன் விண்ணப்பத்தைக் கையிலெடுக்குமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். கத்தி பிடிப்பவர் யார்? தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என வழிகாட்டியது. 2016-இல் சென்னையில் இச்சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தவர் மருத்துவக் கல்லூரி மாணவர். சிகிச்சை நடந்த நிலையத்துக்கு இருந்ததோ முடிதிருத்தகத்துக்கான உரிமம். மருத்துவச் சேவைக்குள்ள ஜிஎஸ்டி விலக்கு முடிநடவுக்கு இல்லை. ஆகவே சொன்ன தொகையில் வரி அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. நட்ட முடி நிற்கும்; சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரக்கூடும் என்பதால், அறுவைக்குப் பின்னும் மருந்து வேண்டியிருக்கும். மாதத் தவணையோடு அந்த மருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.