பின்சக்கரத்தில் மட்டும் ஏன் அகலமான டயர்?

போர்ஷே 911 ரகக் காரை ஈப்போ சாலைகளில் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஒன்று நின்றுகொண்டிருந்தால் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் போய்க் குனிந்து, டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைப் படியுங்கள். 2019-இல் வந்த தலைமுறையின் 911 காரேரா என்றால் முன் டயரில் 235/40 என்றும் பின் டயரில் 295/35 என்றும் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். பின் டயர் 6 செண்டிமீட்டர் கூடுதல் அகலம். உங்கள் வீட்டு மைவியிலோ சாகாவிலோ நான்கு டயர்களும் ஒரே அளவுதான். பிறகு இதில் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

"அழகுக்காக, சார்" என்றான் என் வகுப்பு மாணவன் ஒருவன். அழகு இருக்கிறதுதான். ஆனால் அந்த 6 செண்டிமீட்டரை எடுத்துவிட்டு அந்தக் காரைச் செப்பாங் பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டினால், வளைவில் அதன் வால் ஓட்டுநரை முந்திப் போகப் பார்க்கும்.

காரணம், என்ஜின் இருக்கும் இடம். நம் வீட்டுக் கார்களில் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஃபார்முலா 1 காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், ஆனால் பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறது. 911 காரிலோ பின் அச்சையும் தாண்டி, வாலில் தொங்குகிறது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இதே குடும்பம்தான். அதனால் காரின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்சக்கரங்களின் மேல் விழுகிறது.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் இதை அவர்களிடம் கேளுங்கள். சைக்கிளின் பின்கேரியரில் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் வந்தவர்கள் அவர்கள். நேராக மிதிக்கும்வரை சிக்கல் இல்லை. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் சொன்னபடி கேட்காது. பின்சக்கரம் ஒருமுறை சறுக்கத் தொடங்கினால், தோம்பின் பாரம் அதை இழுத்துக்கொண்டே போகும். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிலைமமும் இருக்கிறது. பின் என்ஜின் காரின் குணம் முழுவதும் இந்தச் சைக்கிளில் அடங்கியிருக்கிறது.

1960-களின் முதல் 911 கார்களில் நான்கு டயர்களும் ஒரே அளவில்தான் இருந்தன. வால் வீசும் குணத்தை அடக்க, முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் பின்சக்கரங்களையே 57 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த ஷெவ்ரலே கோர்வேர் என்ற பின் என்ஜின் காரில் இன்னும் மலிவான ஓர் உபாயம் செய்தார்கள். முன் டயரில் 15 பிஎஸ்ஐ காற்று, பின் டயரில் 26 பிஎஸ்ஐ. முன் டயர் தளர்ந்திருந்தால் அது முதலில் பிடியை இழக்கும். கார் வளையாமல் நேராகப் போகப் பார்க்கும். வால் வீசுவதைவிட அது பரவாயில்லை என்பது கணக்கு. ஆனால் காற்றடிக்கும் கடையில் நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் பாதுகாப்பு போயிற்று. பின் அச்சின் வடிவமைப்பிலும் குறை இருந்த அந்தக் கார் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. டயரை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. காரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 900, முன்னால் 600. அதாவது ஒரு பின் டயரின் மேல் 450 கிலோ, ஒரு முன் டயரின் மேல் 300 கிலோ. டயருக்குள் 35 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால், ஒரு சதுர செண்டிமீட்டர் ஏறக்குறைய 2.46 கிலோவைத் தாங்குகிறது. வகுத்துப் பாருங்கள். பின் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 183 சதுர செண்டிமீட்டர், முன் டயருக்கு 122. நான்கையும் கூட்டினால் 610. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது உத்தேசக் கணக்குதான். ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செண்டிமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் ஒன்றரை டன் கார், நீங்கள் வீட்டுப்பாடம் எழுதும் ஒரு தாளின் அளவு ரப்பரை நம்பித்தான் வளைகிறது!

உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையை மட்டுமே பொறுத்தது என்பது 1699-இல் அமொந்தோன் சொன்ன விதி. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது நன்றாகவே பொருந்தும். ரப்பர் அதற்கு முழுமையாகக் கட்டுப்படாது. ரப்பர் மென்மையாக இருப்பதால் தாரின் மேடு பள்ளங்களுக்குள் புதைந்து பிடிக்கிறது. சுமையை இரட்டிப்பாக்கினால் அந்தப் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடுகிறது. ஒரு டயர் 300 கிலோ சுமையில் 330 கிலோ அளவுக்குப் பக்கவாட்டு விசை தருவதாக வைத்துக்கொள்வோம். சுமை 450 ஆனால் 495 கிடைக்க வேண்டும். கிடைப்பதோ 470 என்று கொள்ளுங்கள். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் போக்கு உண்மை. வளைவில் வேண்டிய மையநோக்கு விசையில் 60 விழுக்காட்டைப் பின் டயர்கள்தான் தர வேண்டும். அவற்றுக்குக் குறையும் அந்த 25-ஐ ஈடுகட்டத்தான் அகலமான டயர்.

ரப்பரின் பிடிமானத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. ஒரு ரப்பர் துண்டு சாலையின் கரடுமுரடின் மேல் அழுந்தி மீளும்போது, வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. இந்த இழப்பு அதிகமாக உள்ள ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சூடாகும், சீக்கிரம் தேயும். இழப்பு குறைவான ரப்பர் பந்துபோலத் துள்ளும்.

நம் பால்மரத்தின் பாலில் இருந்து வரும் இயற்கை ரப்பர் துள்ளும் வகை. அதிகம் சூடாகாது, எளிதில் கிழியாது. அதனால்தான் லாரி டயரிலும் விமான டயரிலும் அதற்கு முதலிடம். பந்தய வகை டயரில் தாரைத் தொடும் மேற்பரப்பு பெரும்பாலும் செயற்கை ரப்பர். இயற்கை ரப்பருக்கு டயரின் உடற்கூட்டிலும் பக்கச் சுவரிலும்தான் வேலை அதிகம். 1877-இல் பேராவின் கோலகங்சாரில் நடப்பட்ட பால்மரங்களில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அங்கிருந்து தைப்பிங் பக்கம் போனால் காமுண்டிங். சில்வர்ஸ்டோன் டயரும், பிறகு அந்த நிறுவனத்தை வாங்கிய ஜப்பானின் டோயோவும் தொழிற்சாலை கண்ட ஊர். பால்மரத் தோட்டங்கள் பலவும் செம்பனையாக மாறிவிட்டாலும், டயர் என்பது பேராக்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தமல்ல.

சரி, பின் என்ஜின் கார் வைத்திருப்பவர் ஒருவர் செப்பாங்கிற்கு 'டிராக் டே' போகிறார். பணம் கட்டி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் அது. தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. அவர் எந்த டயர் வாங்குவார்?

டயரின் பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்று இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது, சீக்கிரம் தேயும் என்று பொதுவாகக் கொள்ளலாம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் என்ற சாலை டயருக்கு 300. அதே நிறுவனத்தின் பைலட் ஸ்போர்ட் கப் 2 என்ற தட டயருக்கு 180. டோயோ புரோக்சஸ் ஆர்888ஆர் என்பதற்கு 100. கடைசி இரண்டும் செமி ஸ்லிக் எனப்படும் வகை. சூடேறிய பிறகுதான் முழுப் பிடியையும் தரும். நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு.

எண் குறைந்ததை வாங்கினால் போதும் என்று தோன்றும். அது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு ஒரு பந்தயமே சாட்சி. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வான வளைவின் சுமையைத் தாங்கும் என்று அந்த நிறுவனமே உறுதி தர முடியவில்லை. 20 கார்களில் 14 விலகிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே பந்தயம் ஓடின. கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் அதில் 4-ஆவதாக வந்து, ஃபார்முலா 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். அந்தப் பருவத்தில் வேகமான கார்கள் பலவும் மிஷெலின் போட்டவைதாம். அந்தத் தடத்துக்கு அந்த டயர் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பின் என்ஜின் காருக்கு வருவோம். இதில் முதல் பொறி முன்சக்கரத்தில் இருக்கிறது. முன்பக்கம் லேசாக இருப்பதால், வளைவுக்குள் நுழையும்போது கார் போதுமான அளவு திரும்பவில்லை என்று புதியவர்கள் குறைபடுவார்கள். உடனே முன்னால் மட்டும் மென்மையான டயர் போட ஆசை வரும். போட்டால் முன் டயர் பிடித்துக்கொள்ளும், பின் டயர் முதலில் விட்டுவிடும். பதறி எண்ணெய் மிதியில் இருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும், பின் டயரின் பிடி இன்னும் குறையும். பால் தோம்பு சைக்கிள் கதைதான். ஆகவே முன்னும் பின்னும் ஒரே ரகம், நிறுவனம் சொன்ன அளவில் இருக்க வேண்டும். போர்ஷே தான் சோதித்து ஏற்ற டயர்களில் 'என்' என்ற ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் பதிக்கச் செய்கிறது. சுமப்பதும் தள்ளுவதும் பின் டயர்கள் என்பதால் அவையே முதலில் தேயும். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததும்தான் இந்தக் காருக்கு மிக மோசமான சேர்க்கை.

அடுத்தது காற்று. படிவம் 4 இயற்பியலில் கே லூசாக் விதி படிப்பீர்கள். கனஅளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். காலை 30 டிகிரி செல்சியஸில் 28 பிஎஸ்ஐ காற்றடிக்கிறோம். மானி காட்டும் எண்ணோடு காற்றுமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்ட மறக்காதீர்கள், தேர்வில் பலர் கோட்டை விடும் இடம் இது. மொத்தம் 42.7. சில சுற்றுகளில் உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரியாகிறது. 303 கெல்வின் 353 ஆக, அழுத்தம் 49.7 ஆகிறது. 14.7-ஐக் கழித்தால் மானியில் 35. காலையிலேயே 36 அடித்துவிட்டு இறங்கியவருக்கு அது 44-ஐத் தாண்டும். தொடுபரப்பு சுருங்கி, பிடியும் போகும். அதனால்தான் தடத்தில் இருந்து வந்ததும் மானியோடு ஓடிவந்து சூட்டிலேயே காற்றைக் குறைக்கிறார்கள். குறைத்தவர் வீடு திரும்புமுன் மறுபடி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறிய டயரில் காற்று போதாமல், நெடுஞ்சாலை வேகத்தில் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கலாம்.

வீடு திரும்புவது என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. செப்பாங்கில் பிற்பகல் மழை எப்படி இறங்கும் என்பதற்கு 2009 ஏப்ரல் 5-ஆம் தேதி நடந்த மலேசிய கிராண்ட் பிரீயே அத்தாட்சி. 56 சுற்றுகளில் 31-ஓடு பந்தயம் நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிகளே தரப்பட்டன. அன்று மழை வருமுன்னே கிமி ராய்க்கோனனுக்கு மழை டயர் போட்டு அனுப்பியது ஃபெராரி. காய்ந்த தடத்தில் அந்த மென்மையான ரப்பர் சூடேறிச் சிதைந்தது. அதற்கு நேர்மாறான நிலைதான் செமி ஸ்லிக் போட்டு மழையில் மாட்டிக்கொள்வது. அகலமான டயர், லேசான முன்பக்கம், குறைவான பள்ளம் மூன்றும் சேர்ந்தால், முன்சக்கரம் நீரைக் கிழிக்காமல் அதன் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

செப்பாங்கில் இருந்து ஈப்போ திரும்ப இரண்டரை, மூன்று மணி நேரம். வழியில் மழை இல்லாத மாலை அதிர்ஷ்டம்தான். என்னைக் கேட்டால், ஆண்டுக்கு இரண்டு முறை போகிற, அதே டயரில் வீடு திரும்புகிற ஒருவருக்கு 300 எண் கொண்ட நல்ல சாலை டயரே சரி. சுற்றுக்குச் சில விநாடிகள் போகும், போகட்டும். அந்த டயர் பிடியை இழக்குமுன் கீச்சிட்டு எச்சரிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். புதியவருக்கு அந்த எச்சரிக்கை விலைமதிப்பற்றது. தட டயரை வேறு சக்கரங்களில் பூட்டி லாரியில் கொண்டுபோகிறவர் விரும்பியதை வாங்கலாம்.

உங்களில் யாரும் இப்போதைக்கு 911 வாங்கப்போவதில்லை. ஆனால் தடத்தில் ஓடிய செமி ஸ்லிக் டயர்கள் பழைய விலைக்கு விற்பனைக்கு வருவதுண்டு. அண்ணன்மார் யாராவது அவற்றைத் தம் காருக்கு வாங்க நினைத்தால், கூடப் போய் இரண்டு இடத்தைப் பாருங்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி அந்த ரப்பர் இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரியும். பள்ளத்தின் ஆழம் எங்கேயும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அது சட்டம். பிறகு பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.