ஒரு துளிக் குருதி சொல்லும் செய்தி

முகம் நோக்கியும் நாடி பார்த்தும் நோயை அறிவது பழைய வழி. சில நோய்களோ முகத்திலும் நாடியிலும் புலப்படுவதற்கு முன்பே, குருதியில் கரைந்திருக்கும் நுண்பொருள்களில் வெளிப்பட்டுவிடுகின்றன. அப்பொருள்களைக் கண்டறியும் ஆய்வக முறைகள் வளர்ந்த வகையினை, ஒரு நோயின் வரலாற்று வழியே இப்பாடம் விளக்குகிறது.

சிறு மூலக்கூறுகள்

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் சிதைந்தும் மாறியும் ஆற்றலாகவும் தசையாகவும் கழிவாகவும் ஆகிறது. இடையறாது நிகழும் இவ்வேதிச் செயல்களின் தொகுப்பே வளர்சிதை மாற்றம் எனப்படும். இதில் பங்குபெறும் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், யூரியா முதலியவை அளவில் மிகச் சிறியவை. புரதங்களின் மூலக்கூறு நிறை பல ஆயிரமாக இருக்க, ஃபினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தின் மூலக்கூறு நிறை 165 மட்டுமே.

ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவதற்கு நொதி துணைசெய்கிறது. அந்நொதி செயலிழந்தால், மதகு அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல, மாற வேண்டிய பொருள் தேங்கிவிடும். மாறிக் கிடைக்க வேண்டிய பொருள் குறைந்துவிடும். தேங்கியது எது, குறைந்தது எது என அறிந்தால், அடைபட்ட மதகு எதுவெனக் கூறிவிடலாம். சிறு மூலக்கூறுகளை ஆராய்வதன் முதன்மையான பயன் இதுவே.

பச்சை நிறம் காட்டிய வழி

1934ஆம் ஆண்டு. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஒரு தாய் தம் குழந்தைகள் இருவருடன் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரை நாடினார். பிறந்தபோது நலமாக இருந்த அக்குழந்தைகள், வளர வளர அறிவு வளர்ச்சி குன்றியவர்களாயினர். அவர்களிடம் ஒருவகைப் புழுங்கல் நாற்றம் வீசுவதையும் அத்தாய் கவனித்திருந்தார். மருத்துவர் பலர் பொருட்படுத்தாத அச்செய்தியை ஃபோலிங் புறக்கணிக்கவில்லை.

அவர் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். கீட்டோன் பொருள்களை அறிய அக்காலத்தில் வழங்கிய எளிய ஆய்வு அது. எதிர்பார்த்த செந்நிறச் சாயலுக்கு மாறாக ஆழ்ந்த பச்சை நிறம் தோன்றியது. நிறம் ஓர் ஐயத்தை எழுப்பியதேயன்றி விடையைத் தரவில்லை. ஆகவே, ஏறத்தாழ 20 லிட்டர் சிறுநீரிலிருந்து அப்பொருளைப் பிரித்துத் தூய்மைசெய்து படிகமாக்கினார். அதன் உருகுநிலையை, தூய ஃபினைல் பைருவிக் அமிலத்தின் உருகுநிலையோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. பின்னர் வேறு பலரின் சிறுநீரையும் ஆராய்ந்து, மேலும் எண்மரிடம் இதே அமிலத்தைக் கண்டார். இந்நோய் பின்னாளில் ஃபினைல்கீட்டோனூரியா எனப் பெயர்பெற்றது.

ஃபினைல் அலனினை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி செயல்படாமையே இந்நோய்க்குக் காரணம். தேங்கிய ஃபினைல் அலனின் வளரும் மூளைக்குத் தீங்கு விளைவிக்கிறது. பால், பருப்பு, முட்டை எனப் புரதமுள்ள உணவு அனைத்திலும் இப்பொருள் உண்டு. வளர்ப்பதற்கென்று ஊட்டும் பாலே இக்குழந்தைகளை வருத்துகிறது என்பதுதான் இந்நோயின் கொடுமை.

காலத்தே அறிதல்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவர், ஃபினைல் அலனின் குறைந்த உணவை ஒரு குழந்தைக்கு அளித்து, அதன் பயனை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்குழந்தையிடம் முன்னேற்றம் தென்பட்டது. எனினும் மூளைக்கு முன்னரே நேர்ந்த கேட்டினை உணவால் முற்றிலும் மாற்ற இயலாது. பிறந்த சில நாள்களிலேயே நோயை அறிந்தால்தான் மருத்துவம் முழுப்பயன் தரும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பச்சை நிறத்தைத் தரும் அமிலம் சிறுநீரில் தோன்றப் பிறந்தபின் சில வாரங்கள் ஆகும். எனவே, அந்த ஆய்வு நோயைச் சரியாகக் காட்டினும் காலந்தாழ்ந்தே காட்டியது.

அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி இதற்குத் தீர்வு கண்டார். அவருடைய மகன் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர். உறவினர் குழந்தை ஒன்றுக்கு இந்நோயே இருந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தியெடுத்த சில துளிக் குருதியை அவர் வடிதாளில் உலர்த்தினார். ஒரு வேதிப்பொருளால் வளர்ச்சி தடுக்கப்பட்ட பாக்டீரியா பரப்பின்மீது, அத்தாளிலிருந்து வெட்டிய சிறு வட்டத்தை வைத்தார். குருதியில் ஃபினைல் அலனின் மிகுந்திருந்தால் அத்தடை நீங்கி, வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளரும். வளர்ந்த பரப்பின் அகலமே அப்பொருளின் அளவைக் காட்டும். செலவு குறைந்தது, உலர்ந்த தாளை அஞ்சலிலும் அனுப்பலாம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்நோய்க்கான ஆய்வைக் கட்டாயமாக்கியது.

பிரித்தலும் எடையிடலும்

கத்ரியின் முறையில் ஒரு நோய்க்கு ஓர் ஆய்வு தேவைப்பட்டது. பல பொருள்களை ஒருங்கே அறியும் வழியை நிறை நிறமாலைமானி தந்தது. இது மூலக்கூறுகளை எடையிடும் கருவி எனலாம்.

முதலில் குருதிப்பொட்டிலிருந்து சிறு மூலக்கூறுகள் கரைத்தெடுக்கப்படுகின்றன. அக்கரைசல் மின்னூட்டம் பெற்ற நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. நீர்மம் ஆவியாக, மூலக்கூறுகள் சிதையாமல் அயனிகளாக எஞ்சுகின்றன. ஃபினைல் அலனின் ஒரு புரோட்டானை ஏற்று 166 என்னும் நிறையில் தோன்றும். அடுத்தடுத்து அமைந்த இரு நிறைப்பகுப்பிகளுள் முதலாவது 166ஐ மட்டும் தேர்ந்தெடுக்கிறது. அவ்வயனி வளிம மூலக்கூறுகளோடு மோதி உடைகிறது. 120 நிறையுள்ள துண்டினை இரண்டாவது பகுப்பி கண்டறிகிறது. கைரேகை ஒருவரை அடையாளம் காட்டுவதுபோல, 166, 120 என்னும் இவ்விணை அப்பொருளை அடையாளம் காட்டுகிறது.

அளவை அறிவதற்கும் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து ஹைட்ரஜன் அணுக்களுக்கு மாற்றாகக் கன ஹைட்ரஜன் அணுக்களைக் கொண்ட ஃபினைல் அலனின் தெரிந்த அளவில் முன்னரே சேர்க்கப்படுகிறது. அது 171 என்னும் நிறையில் தனித்துத் தெரியும். இரண்டின் செறிவையும் ஒப்பிட்டுக் குருதியிலுள்ள அளவு கணக்கிடப்படுகிறது. இவ்வாறு பல அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலங்கள் சார்ந்த பொருள்களையும் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். ஃபோலிங்குக்கு 20 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில், இன்று 3 மில்லிமீட்டர் அகலமுள்ள குருதிப்பொட்டு போதுமானதாகிறது.

எனினும் எடை மட்டும் எல்லாவற்றையும் கூறிவிடாது. லியூசின், ஐசோலியூசின் ஆகிய இரண்டும் ஒரே நிறை உடையவை. இத்தகையவற்றை வண்ணப்பிரிகை முறையால் முதலில் பிரித்தல் வேண்டும். நிரப்பப்பட்ட குழலின் வழியே கரைசல் செல்லும்போது, ஒவ்வொரு பொருளும் தன் இயல்புக்கேற்ப விரைந்தோ தயங்கியோ வெளிவருகிறது. நெல்லும் பதரும் காற்றில் பிரிவதுபோல, கலந்திருந்தவை தனித்தனியே கிடைக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஜான் ஃபென், கொய்ச்சி தனாக்கா, குர்ட் வியூத்ரிச் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனியாக்கும் வழிகளை முதல் இருவரும், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் புரதங்களின் வடிவை அறியும் வழியை மூன்றாமவரும் கண்டறிந்தனர். ஃபென் கண்ட மின்தெளிப்பு முறையே குருதிப்பொட்டு ஆய்விலும் பயன்படுகிறது.

எண்ணும் வாழ்வும்

ஆய்வகம் தரும் எண்ணே இறுதித் தீர்ப்பு ஆகாது. முதல் ஆய்வு ஐயத்திற்குரிய குழந்தைகளைப் பிரித்துக் காட்டுகிறது. மறு ஆய்வே நோயை உறுதிசெய்கிறது. உறுதியான பின் உணவுக் கட்டுப்பாடு தொடங்குகிறது. காலத்தே தொடங்கி இடைவிடாது பின்பற்றினால், அக்குழந்தை ஏனைய குழந்தைகளைப் போலவே பள்ளிக்குச் சென்று கல்வி கற்று வாழ இயலும். ஃபோலிங் கண்ட நோயும் இன்றைய நோயும் ஒன்றே. அதனை அறியும் முறை விரைவும் நுட்பமும் பெற்றதால் குழந்தைகளின் வாழ்வு மாறியது. ஓர் ஆய்வு முறையின் சிறப்பை, அது எதைக் காட்டுகிறது என்பதோடு, எப்போது காட்டுகிறது என்பதைக் கொண்டும் மதிப்பிடுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ஃபோலிங் பச்சை நிறத்தைக் கண்டவுடன் முடிவுக்கு வராமல் மேற்கொண்ட படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. "சரியான விடையும் காலந்தாழ்ந்து கிடைத்தால் பயன் குறையும்" – இப்பாடத்தைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. பாடத்தில் இடம்பெற்றுள்ள அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை உம் சொற்களில் விளக்குக.