செருப்பில்லாத காலில் ஏறும் புழு

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நெல் வயலிலும் மரவள்ளிக் காட்டிலும் ஈர மண்ணை மிதித்து வேலை செய்யும் பழங்குடி மக்களின் காலை யார் பார்க்கிறார்கள்?

கொக்கிப்புழுவுக்கு வாசல் அந்தக் கால்தான். திறந்தவெளியில் கழித்த மலத்தில் இருக்கும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிந்து, சில நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகிறது. வெறுங்காலில் தோலைத் துளைத்து நுழைகிறது. அப்போது எடுக்கும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுகிறோம். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறதே என்று சொல்லும் பெண்ணை 'சோம்பேறி' என்கிறோம். அவருக்கு இருப்பது ரத்தசோகையாக இருக்கலாம்.

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் வேறு வழி. அவற்றின் முட்டைகள் கழுவாத கையோடும் காய்கறியோடும் வாய்க்குள் போகின்றன.

2015 முதல் பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். ஆகஸ்டில் இன்னொரு சுற்று உண்டு. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தருகிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக. நாற்பது வயதில் நாற்று நடும் அம்மா? அப்பா? 2017-ல் தொடங்கி ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் வேலூர் சி.எம்.சி. நடத்திய ஆய்வில், கொக்கிப்புழு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடமே அதிகம் தெரிந்தது. பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், பெரியவர்களிடமிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து பிள்ளைக்கும் புழு திரும்பிவிடும்.

இது பழைய பாடமும்கூட. 1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் இருந்த கூலிகளில் பெரும்பாலோர் இங்கிருந்து போன தமிழர்கள், அவர்களில் பலர் தலித்துகள். மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். புழு திரும்பி வந்தது.

செருப்பு விஷயம் நமக்குப் புதிதா என்ன! தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்தவர்களையே ஊர்த்தெருவில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்ன நாடு இது. ஆனால் வயல் சேற்றில் செருப்பு நிற்காது என்பதும் உண்மை. வயலுக்குப் போகும் பாதையிலும், ஒதுங்கும் இடத்திலும், வீட்டு வாசலிலுமாவது போட்டுக்கொள்ளலாம். மலம் மண்ணில் விழாமல் இருந்தால்தான் அந்தச் சேறும் சுத்தமாகும். அதற்குத் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். தண்ணீர் வராத கழிப்பறையில் விறகுதான் அடுக்க முடியும்.

முப்பதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரையைக் கேளுங்கள், ரத்தத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மாணவர்களே, ஆகஸ்ட் 15 கிராம சபையில் கழிப்பறைத் தண்ணீரையும் பெரியவர்களுக்கான மாத்திரையையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறியதா என்று வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.